பாதிப் புல்

பதினேழாவது சால் திரும்பும்போது
வண்டி நின்றுவிட்டது.
டீசல் வண்டியென்றால் இருமும், புகை கக்கும்,
சாகப்போகிறேன் என்று முத்தூர் வரைக்கும் சொல்லும்.
இது அப்படியில்லை.
ஓடியது, அப்புறம் ஓடவில்லை.

ராத்திரி கரண்ட் போனது ஆறுச்சாமிக்குத் தெரியாது.
தெரியாது என்று சொல்லவும் முடியாது,
காவலுக்கு இருப்பவர் அவர்.

இருநூற்று முப்பது கிலோ.
நானும் அவரும் தள்ளிய தள்ளில்
அவர் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.
நாளைக்கு இந்தப் புல்மேல்தான்
மொதலாளி மகளுக்கு நிச்சயம்.
நாற்காலி நானூறு வருகிறது.
மேலே பறந்து படமெடுக்கும் பொட்டி வேறு வருகிறதாம்.

மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்தோம்,
மஞ்சள் ஒயர், பத்தாமல் சிவப்பு ஒயர்,
மூணு இடத்தில் கறுப்பு டேப்.
பச்சை விளக்கு ஒருதடவை கண் சிமிட்டியது.
"பக்கத்துலயே இரு துளசி, நாய் கடிச்சுப்போடும்"
என்று சொல்லிவிட்டு
ஆறுச்சாமி செருப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏறி உட்கார்ந்தேன்.
பனியன் கம்பெனி செக்கிங்கில்
பதினொரு வருஷம் நின்றவள் நான்.
சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம்
இன்றைக்குத்தான்.
சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது,
கைவைக்க இரண்டு பக்கமும் கட்டை இருக்கிறது,
ஓட்டும்போது இதெல்லாம் எங்கே தெரிகிறது.

எனக்கு முன்னால் வெட்டின புல்,
பின்னால் வெட்டாத புல்,
நடுக்கோட்டில் ஏழு உண்ணிக்கொக்கு.
மாட்டுக்குப் பின்னால் திரிந்த சாதி.
வண்டி போனால் வெட்டுக்கிளி கிளம்பும் என்று
ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டன.
இப்போது என்னைப் பார்க்கின்றன,
கண்டக்டரைப் பார்க்கிற மாதிரி.

முள்கிளுவை வேலிக்கு அக்கட்டால கொரங்காடு.
கொழுக்கட்டைப்புல் தவிட்டு நிறத்தில் காய்ந்து கிடக்கிறது.
அதற்குத் தண்ணி விட ஆள் இல்லை, வெட்ட ஆள் இல்லை,
ஆடும் மாடும் பார்த்துக்கொள்ளும்.
ஒரு மயிலைப் பசு வேலியோரம் வந்து
இந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.
மருந்தடிச்ச புல், ஆத்தா. உனக்கு ஆகாது.
எனக்கும் இதில் செருப்போடு நடக்க உத்தரவில்லை.

போன் அடித்தது.
திருப்பூரிலிருந்து காமிராவில் பார்த்திருக்கிறார்.
"வண்டி ஏன் நிக்குது?"
"தின்னுட்டிருக்குதுங்க."
"எத்தன?"
"நாலு கட்டைல ஒண்ணுங்க."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் தையல் மிஷின்கள் மழை மாதிரி.
"மூணு மணித் தண்ணியை
நிறுத்திப்போடுங்க மொதலாளி,
டேப் நனைஞ்சா நான் தாங்கமாட்டேன்" என்றேன்.
அது அவர் போனுக்குள் இருக்கிறது, பைப்பில் இல்லை.
நிறுத்திவிட்டார்.
மூணு மணிக்கு ஒரு துளி வரவில்லை,
எனக்கே ஒரு அதிகாரி மாதிரி இருந்தது.

மூணாவது கட்டை விழும்போது
சூரியன் வெள்ளவேல மரத்துக்குள் போயிருந்தது.
கொக்குகள் ஏரிப்பக்கம் கிளம்பிவிட்டன,
ஒன்று மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கிளம்பியது.
முன்விளக்கைப் போட்டேன்.
விளக்கு காட்டினது பத்தடி,
அந்தப் பத்தடிக்குள் நேர்கோடு எது?
வண்டிக்குச் சத்தமில்லை,
பிளேடு புல்லை அரிகிற மெல்லிசு மட்டும்,
யாரோ காதோரம் தலை வாருகிற மாதிரி.
எங்கெங்கோ வளைத்தேன்.
முடித்தபோது ஒரு கட்டை மிச்சம்.

மேலே பறந்த பொட்டி எடுத்த படத்தில்
பாதிப் புல் நேர்ச்சால்,
பாதிப் புல் அலையலையாய்.
டிசைனுங்களா என்று கேட்டார்களாம்
மாப்பிள்ளை வீட்டில்.
ஆமாங்க என்றாராம் மொதலாளி.

வாராவாரம் அப்படியே வெட்டச் சொல்லியிருக்கிறார்.
சரிங்க என்று சொல்லியிருக்கிறேன்.
அதற்கு முதலில்
ஆறுச்சாமி தூங்கவேண்டும் என்பதை
நான் சொல்லவில்லை.